உங்கள் காரிலும் ஒரு கம்ப்யூட்டர்! டர்போ கோளாறை நீங்களே கண்டுபிடிக்கலாம்

உங்கள் வீட்டில் எத்தனை கம்ப்யூட்டர் இருக்கிறது என்று கேட்டால், மேஜை மேல் இருப்பதைக் காட்டி ‘ஒன்று’ என்பீர்கள். வாசலில் கார் நிற்கிறதா? அப்படியானால் உங்கள் கணக்கு தவறு. காரின் பானெட்டுக்குள்ளோ, டேஷ்போர்டுக்குப் பின்னாலோ ஒரு சிறிய பெட்டி இருக்கும். இதன் பெயர் இன்ஜின் கண்ட்ரோல் யூனிட், சுருக்கமாக இ.சி.யூ. இதிலும் ப்ராசசர் இருக்கிறது, மெமரி இருக்கிறது, ப்ரோகிராம் ஓடுகிறது. கீபோர்டும் மானிட்டரும் மட்டும்தான் இல்லை. அந்த இரண்டையும் உங்கள் மொபைலும் லேப்டாப்பும் கொடுத்துவிடும்.

காரின் கம்ப்யூட்டருடன் பேசி, டர்போசார்ஜரில் வரும் கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம். மெக்கானிக் வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. பொறுமையும், குறித்து வைக்க ஒரு நோட்டும் இருந்தால் போதும்.

நெய்க்காரப்பட்டியில் நடந்தது

பழனிக்கு மேற்கே இருக்கிறது எங்கள் நெய்க்காரப்பட்டி. கரும்பும் வெல்லமும் புழங்கும் ஊர். எங்கள் தெருவில் வெல்ல வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவர் 2014-ம் வருட டீசல் கார் வைத்திருக்கிறார். ஒரு நாள் குடும்பத்தோடு கொடைக்கானல் கிளம்பினார். சமவெளியில் நன்றாக ஓடிய வண்டி, மலைப்பாதையில் திணற ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தாலும் வேகம் ஏறவில்லை. பின்னால் கறுப்புப் புகை. டேஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு. நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச தூரம் ஓடும், பிறகு அதே கதை. பாதி வழியில் திரும்பிவிட்டார்.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். ‘பி0299’ என்று வந்ததாம். மாலையில் என்னைத் தேடி வந்தார்.

“தம்பி, டர்போ போயிருச்சாம்ப்பா. புதுசு மாத்தணும்னு சொல்றாங்க. கூலியோட சேர்த்து 38,000 ஆகுமாம். நீ கம்ப்யூட்டர்காரனாச்சே, கொஞ்சம் பாரேன்.”

“அண்ணே, மானிட்டர்ல ‘நோ சிக்னல்’னு வந்தா உடனே புது மானிட்டர் வாங்கிடுவோமா? பின்னால கேபிள் சரியா இருக்கான்னு முதல்ல பார்ப்போம்ல? அந்த மாதிரி இதையும் பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்ணே” என்றேன்.

டர்போ என்ன செய்கிறது?

டீசல் எரியக் காற்று வேண்டும். காற்று அதிகம் கிடைத்தால் அதிக டீசலை எரிக்கலாம், அதிக சக்தி கிடைக்கும். வெளியே வீணாகப் போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுவதுதான் டர்போசார்ஜர். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

இந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அந்த வேகத்தில் அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். அழுத்தப்பட்ட காற்று சூடாகிவிடும் என்பதால், இன்டர்கூலர் வழியாகச் சென்று குளிர்ந்து இன்ஜினுக்குள் போகிறது. அழுத்தம் எவ்வளவு வேண்டும் என்பதை இ.சி.யூ. முடிவு செய்கிறது. பல டீசல் கார்களில் டர்போவுக்குள் திரும்பக்கூடிய சிறு இதழ்கள் உண்டு. ஆக்சுவேட்டர் என்ற டப்பா ஒரு கம்பியை இழுத்து அவற்றை அசைக்கும். அந்த டப்பா வேலை செய்ய, ஒரு சிறிய ரப்பர் குழாய் வழியாக வேக்குவம் வருகிறது. இந்தக் குழாயை நினைவில் வையுங்கள், பிறகு வரும்!

என்ன தேவை?

1. ஓ.பி.டி. அடாப்டர். இது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி, விலை சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும். பெரும்பாலானவை ‘இ.எல்.எம். 327’ என்ற பெயரில் விற்கப்படும். கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய சிப் இது. அந்த நிறுவனம் 2022-ல் மூடப்பட்டுவிட்டது. கடைகளில் கிடைக்கும் மலிவான அடாப்டர்களில் பெரும்பாலும் இருப்பது நகல் சிப்தான். சில நகல்கள் எல்லாக் கார்களுடனும் பேசாது. வேலை செய்யாவிட்டால் திருப்பித் தரும் வசதியுள்ள கடையில் வாங்குங்கள்.

2. ஆண்ட்ராய்டு மொபைல். சாதாரண ப்ளூடூத் அடாப்டர்கள் பல ஐபோனில் வேலை செய்யாது. ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை அடாப்டரோ, ப்ளூடூத் எல்.இ. வகையோ பார்த்து வாங்க வேண்டும்.

3. ‘கார் ஸ்கேனர்’, ‘டார்க்’ போன்ற ஒரு ஆப்.

4. எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் உள்ள கம்ப்யூட்டர்.

அமெரிக்காவில் 1996-ம் வருட மாடலிலிருந்தே எல்லாக் கார்களிலும் ஓ.பி.டி.-2 கட்டாயம். நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 வாகனங்களுக்கு 2010 ஏப்ரலில் முதல் நிலையும், 2013 ஏப்ரலில் இரண்டாம் நிலையும் வந்தன. ஆகவே 2013-க்குப் பிறகு வந்த பாரத் ஸ்டேஜ் 4, 6 கார்கள் இந்த வேலைக்கு ஏற்றவை. அதற்கு முந்தைய கார் என்றால் கிடைக்கும் தகவல் குறைவாக இருக்கலாம்.

இணைப்பது எப்படி?

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் அருகே 16 முனைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். சில கார்களில் சிறு மூடி போட்டு மறைத்திருப்பார்கள். அதில் அடாப்டரைச் செருகுங்கள். சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்புங்கள், இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். மொபைலில் ப்ளூடூத்தை இயக்கி அடாப்டரைத் தேடி இணையுங்கள். பின் நம்பர் கேட்டால் 1234 அல்லது 0000 என்று கொடுத்துப் பாருங்கள். பிறகு ஆப்பைத் திறந்து ‘கனெக்ட்’ செய்யுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது? உங்கள் மொபைல் ஒரு கேள்வி எண்ணை அனுப்புகிறது, இ.சி.யூ. ஹெக்சாடெசிமல் எண்ணில் பதில் தருகிறது. உதாரணமாக, காற்றழுத்தத்தைக் கேட்டால் 62 என்று பதில் வரும். ஹெக்சாடெசிமலில் 62 என்றால் 6-ஐ 16-ஆல் பெருக்கி 2-ஐக் கூட்ட வேண்டும். விடை 98, அதாவது 98 கிலோபாஸ்கல். இந்தக் கணக்கை ஆப் தானே செய்து, முள் அசையும் மீட்டராகக் காட்டிவிடும்.

முதல் வேலை: கோடை அழிக்காதீர்கள்!

ஆப்பில் ‘ஃபால்ட் கோட்ஸ்’ பகுதிக்குச் சென்றால் இ.சி.யூ. பதிந்து வைத்திருக்கும் கோளாறு எண்கள் தெரியும். பக்கத்திலேயே ‘கிளியர்’ பட்டன் இருக்கும். அதைத் தொட்டால் விளக்கு அணைந்துவிடும், ஆனால் கோளாறு அப்படியே இருக்கும். கூடவே ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்ற பதிவும் அழிந்துவிடும். கோளாறு வந்த நொடியில் வேகம் என்ன, இன்ஜின் சுற்று என்ன, பளு எவ்வளவு என்று இ.சி.யூ. எடுத்து வைத்த போட்டோ போன்றது அது. முதலில் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

டர்போ தொடர்பாக அடிக்கடி வரும் கோடுகள்:

பி0299 – எதிர்பார்த்த அழுத்தம் வரவில்லை.
பி0234 – அழுத்தம் அளவுக்கு மேல் போய்விட்டது.
பி0235 – அழுத்த சென்சாரின் மின்சுற்றில் கோளாறு.
பி0045 – அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டின் மின்சுற்றில் கோளாறு.
பி0101 – உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சாரின் கணக்கு பொருந்தவில்லை.

பி0299-ன் பொருளை இன்னொரு முறை படியுங்கள். ‘அழுத்தம் வரவில்லை’ என்றுதான் சொல்கிறது. டர்போ கெட்டுவிட்டது என்று எங்கும் சொல்லவில்லை. தெர்மாமீட்டர் காய்ச்சல் 102 என்று காட்டும், எதனால் காய்ச்சல் என்பதை டாக்டர்தான் பார்க்க வேண்டும். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், இன்டர்கூலர் குழாய் கிழிந்திருக்கலாம், கிளாம்ப் தளர்ந்திருக்கலாம், சென்சாரில் கரி படிந்திருக்கலாம், வேக்குவம் குழாய் கழன்றிருக்கலாம், கடைசியாக டர்போவே கெட்டிருக்கலாம். விலை குறைந்ததிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் முறை.

அழுத்தம் கிடைக்காதபோது இ.சி.யூ. இன்ஜினைக் காப்பாற்ற சக்தியைக் குறைத்துவிடும். இதை ‘லிம்ப் மோட்’ என்பார்கள். அண்ணன் காரில் நடந்தது இதுதான். ஆஃப் செய்து ஸ்டார்ட் செய்ததும் சிறிது நேரம் சரியாக ஓடியதற்கும் இதுவே காரணம். நம் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்வது போலத்தான்.

நிறுத்தி வைத்து ஒரு பரிசோதனை

இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் ‘ஆன்’ நிலையில் இருக்கும்போது, ‘இன்டேக் மேனிஃபோல்ட் பிரஷர்’ என்ற அளவைப் பாருங்கள். அப்போது அது வெளிக் காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும். பழனி, நெய்க்காரப்பட்டி சமவெளி கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதால் இங்கே 97, 98 கிலோபாஸ்கல் வரும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் 79-ஐ ஒட்டி வரும். உங்கள் ஊரில் நிற்கும் வண்டி 60 என்றோ 130 என்றோ காட்டினால் சென்சார் அல்லது அதன் வயரிங்கில்தான் சந்தேகப்பட வேண்டும்.

மலையில் மட்டும் வண்டி திணறியது ஏன் என்பதும் இதில் புரிகிறது அல்லவா? மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. அந்தக் குறையை ஈடுகட்டுவது டர்போதான். டர்போ வேலை செய்யாத வண்டி சமவெளியில் சமாளித்துவிடும், மலையில் மாட்டிக்கொள்ளும்.

அண்ணன் காரில் 98 வந்தது. ஆகவே சென்சார் அனேகமாகச் சரி.

ஓட்டிப் பார்த்து ஒரு பரிசோதனை

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஓட்டுபவர் மொபைலைப் பார்க்கவே கூடாது. வண்டி அதிகம் இல்லாத நேரான சாலையில், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, மூன்றாவது கியரில் 1,500 ஆர்.பி.எம்.மிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து 3,000 வரை போக வேண்டும். சாலையின் வேக வரம்பைத் தாண்ட வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் ஆப்பின் ‘ரெக்கார்டு’ வசதியை இயக்க வேண்டும். பதிவு செய்ய ஆர்.பி.எம்., வேகம், மேனிஃபோல்ட் பிரஷர் ஆகிய மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். பத்து, பதினைந்து அளவுகளைக் கேட்டால் ஒவ்வொன்றும் மெதுவாகத்தான் வரும்.

பதிவை சி.எஸ்.வி. ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து, மெயில் மூலமோ கேபிள் மூலமோ கம்ப்யூட்டருக்குக் கொண்டுவாருங்கள். எக்செல்லில் டபுள் க்ளிக் செய்து திறந்தால் நேரம், ஆர்.பி.எம்., பிரஷர் என்று காலம் காலமாகத் தெரியும். அவற்றைத் தேர்ந்தெடுத்து ‘இன்செர்ட்’ மெனுவில் லைன் சார்ட் போடுங்கள். ஆர்.பி.எம். ஆயிரக்கணக்கிலும் பிரஷர் நூற்றுக்கணக்கிலும் இருப்பதால் பிரஷர் கோடு தரையோடு தரையாகக் கிடக்கும். ஆர்.பி.எம்.மை 10-ஆல் வகுத்து இன்னொரு காலத்தில் வைத்து வரைந்தால் இரண்டும் தெளிவாகத் தெரியும்.

அண்ணன் காரில் பிரஷர் கோடு 110-ஐத் தாண்டவே இல்லை. இது நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும்? அவர் மச்சினரிடம் அதே மாடல் கார் இருந்தது. அதே சாலையில், அதே கியரில் அதையும் ஓட்டிப் பதிந்தோம். அந்தக் கோடு மளமளவென்று 200-க்கு மேல் ஏறியது. புத்தகத்தைத் தேடுவதைவிட, நன்றாக ஓடும் அதே மாடல் காரோடு ஒப்பிடுவது எளிது.

கோட்டின் வடிவமும் பேசும். ஏறத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டால், காற்றுக் குழாயில் கசிவு இருக்கலாம். ஏறவே இல்லை என்றால் பெரிய குழாய் கழன்றிருக்கலாம், அல்லது ஆக்சுவேட்டர் இயங்காமல் இருக்கலாம். தேவைக்கு மேல் எகிறிப் பிறகு சட்டென்று விழுந்தால், டர்போவின் இதழ்கள் கரி படிந்து சிக்கியிருக்கலாம்.

பானெட்டைத் திறந்து பாருங்கள்

இன்ஜின் ஆறிய பிறகே கை வையுங்கள். டர்போ கொதிக்கும் சூட்டில் இருக்கும்.

முதலில் ஏர் ஃபில்டர். மண் சாலையும் வயல்காடும் உள்ள ஊர்களில் சீக்கிரம் அடைத்துவிடும். அடுத்து இன்டர்கூலர் குழாய்கள். ஒவ்வொரு இணைப்பையும் தடவிப் பாருங்கள். லேசான ஆயில் ஈரம் இருப்பது வழக்கம்தான். ஒரே இடத்தில் சிதறி அழுக்கு சேர்ந்திருந்தால் அங்கே கசிவு. பிறகு ஆக்சுவேட்டர். ஒருவர் வண்டியை ஸ்டார்ட் செய்ய, இன்னொருவர் தள்ளி நின்று அதன் கம்பியைப் பார்க்க வேண்டும். வேக்குவத்தில் இயங்கும் இதழ் வகை டர்போ பெரும்பாலானவற்றில், ஸ்டார்ட் செய்ததும் கம்பி இழுக்கப்படும், ஆஃப் செய்ததும் திரும்பிவிடும்.

அண்ணன் காரில் கம்பி அசையவே இல்லை. அதற்கு வரும் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டே போனோம். பேட்டரிக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், எலி கடித்துக் குதறியிருந்தது! கரும்பு வெட்டு நடக்கும் காலம், காட்டு எலி வீட்டுப் பக்கம் வந்துவிடும். வேக்குவம் வராததால் இதழ்கள் முழுதாகத் திறந்தே இருந்திருக்கின்றன. டர்போ சுற்றியும் அழுத்தம் வரவில்லை. இ.சி.யூ. சொன்னது முழுக்க உண்மை, அதற்குச் சொல்லப்பட்ட பொருள்தான் தவறு.

சூட்டைத் தாங்கும் புதுக் குழாயும் கிளிப்பும் சேர்த்து 200 ரூபாய்க்குள் முடிந்தது. கோடை அழித்துவிட்டு, அதே சாலையில் மறுபடி ஓட்டிப் பதிந்தோம். புதுக் கோடும் மச்சினர் கார் கோடும் கிட்டத்தட்ட ஒன்றின் மேல் ஒன்று படிந்தன. ரிப்பேர் முடிந்ததற்கு இதுதான் அத்தாட்சி. விளக்கு அணைந்ததை மட்டும் நம்பாதீர்கள்.

டர்போவே கெட்டிருந்தால்?

எல்லோருக்கும் எலி கடித்த குழாயாகவே அமையும் என்று சொல்ல மாட்டேன். சைரன் போன்ற சத்தம், தொடர்ந்து நீலப் புகை, ஆயில் அளவு வேகமாகக் குறைவது, சக்கரத்தின் இறக்கை உடைந்திருப்பது அல்லது சுற்றுச் சுவரில் உரசிய தடம், இவை இருந்தால் டர்போவைக் கழற்றத்தான் வேண்டும். தண்டு பக்கவாட்டில் மிக லேசாக ஆடுவது பல டர்போக்களில் இயல்பு. முன்னும் பின்னும் ஆடினால் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

அப்போது மெக்கானிக்கிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “பழையது ஏன் போச்சு?” டர்போ கெடுவதற்கு முக்கியக் காரணங்கள், ஆயில் போதாமை, ஆயில் அழுக்கு, ஃபில்டரைத் தாண்டி வந்த தூசு. ஆயில் வரும் சிறு குழாய் கரி பிடித்து அடைத்திருக்க, அதை மாற்றாமல் புது டர்போவை மட்டும் மாட்டினால் அதுவும் சீக்கிரமே போய்விடும். ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, ஆயில் குழாய்களைச் சுத்தம் செய்து அல்லது மாற்றி, புது டர்போவுக்குள் ஆயில் ஊற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஆபத்து! டர்போவின் சீல் உடைந்து ஆயில் உள்ளே போனால், டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்துத் தானாக வேகமெடுக்கலாம். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. மேனுவல் கியர் வண்டி என்றால், பிரேக்கை அழுத்திப் பிடித்து, மேல் கியருக்கு மாற்றி, கிளட்சை விட்டால் இன்ஜின் அடங்கும். முடியாவிட்டால் எல்லோரையும் இறக்கிக்கொண்டு தூரப் போய்விடுங்கள். ஆகவே நீலப் புகையோடும் ஆயில் இழப்போடும் வண்டியை ஓட்ட வேண்டாம்.

நினைவில் வைக்க

* வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். வண்டி நிற்கும்போதும் அதற்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், பேட்டரி இறங்கலாம். 1234 என்ற பின் நம்பர் ஊருக்கே தெரியும் என்பதையும் மறக்காதீர்கள்.
* ஆப் கேட்கும் தேவையற்ற அனுமதிகளைக் கொடுக்காதீர்கள்.
* வாரண்டி உள்ள கார் என்றால், பதிவை எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கே போங்கள்.
* காரின் கையேட்டில் சொன்ன தர ஆயிலை, சொன்ன நேரத்தில் மாற்றுங்கள்.
* மலை ஏறி முடித்ததும் உடனே ஆஃப் செய்யாமல், அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஐட்லிங்கில் விடுங்கள். டர்போ ஆறட்டும்.

மறு வாரம் அண்ணன் குடும்பத்தோடு கொடைக்கானல் போய்வந்தார். வரும்போது ஒரு தட்டு வெல்லமும் என் மேஜைக்கு வந்தது. இந்த விடுமுறையில் நீங்களும் உங்கள் காரின் கம்ப்யூட்டரோடு ஒரு முறை பேசிப் பாருங்கள். வண்டி நன்றாக ஓடும்போதே ஒரு பதிவு எடுத்து ஹார்ட் டிஸ்கில் சேமித்து வையுங்கள். நாளை கோளாறு வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க மச்சினர் காரைத் தேட வேண்டியிருக்காது!